சுண்ணக்கல்லை வாசிக்கும் மரபு: பள்ளிகளும் தராதரமும்

மஸ்கெலியாவில் நம் காலடியில் கிடப்பது சார்னொக்கைட்டும் நைஸும்தான். ஆனால் கவ்வாத்து வெட்டிய தேயிலை மலைக்குப் போடும் டொலமைட், மாத்தளை, திகன பக்கத்துப் பளிங்குச் சுண்ணக்கல்லை அரைத்தெடுத்த தூள். அந்தக் கல் ஒருகாலத்தில் ஆழமற்ற கடல்மேடையில் படிந்த வண்டல் என்று துணிந்து சொல்கிறோமே, எந்த அளவுகோலை வைத்துச் சொல்கிறோம்? பாறை கிடக்கும் இடத்தில் அதன் அடுக்கையும் அயற்பாறைகளையும் வாசித்து முடித்த பிறகே ஆய்வுகூட எண்ணுக்குப் பேச இடம் கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி.

1959இல் ஃபோக், 1962இல் டன்ஹம், 1975இல் வில்சன் என வளர்ந்த இழையமைப்புப் பள்ளியும், பஹாமாஸ் திட்டைகளை உரைகல்லாகக் கொண்ட பள்ளியும் நம் சங்க அங்கத்தவர்கள் அறிந்தவை. களத்தில் தொடங்கும் நம் வழி அவற்றுக்கு முந்தியது. இலங்கையின் பளிங்குச் சுண்ணக்கற்களைப் பற்றி 1902இல் எழுதி, மறு ஆண்டே கனிப்பொருள் அளவைக்குத் தலைமையேற்ற ஆனந்த குமாரசுவாமி, 1923இல் இலங்கையின் மயோசீன் படிவுகளை எழுதிய வேலண்டும் டேவிஸும், 1967இல் நாட்டுப் புவிச்சரிதவியலை நூலாக்கிய பி. ஜி. குரே என அது நீள்கிறது. எங்கள் ஆசான் இந்த வழியில் வந்தவர். சாய்வும் திசையும் குறிக்காத கல்லை மாதிரியாகவே அவர் ஏற்றதில்லை. இன்று கடுமையாகத் தெரியும் அந்த விதிதான் எங்கள் பள்ளியின் முதுகெலும்பு.

கல்லைக் கிடந்த நிலையிலேயே வாசிக்கச் சொல்லும் அந்த விதியின் பலன் யாழ்ப்பாணத்து மயோசீன் சுண்ணக்கல்லில் தெரியும். கேரளத்தின் கொல்லத்துப் படிவுகளில் காணும் மலபாரிக்கா என்னும் போராமினிபெரா இனம் இங்கும் உண்டு. அதன் இன்றைய உறவினங்கள் வெளிச்சம் எட்டும் ஆழமற்ற நீரில், பெரும்பாலும் கடற்புல் தரைகளில் வாழ்பவை. கல்லில் அதன் ஓட்டைச் சுற்றி நுண்சேறு இருந்தால் நீர் அமைதியாக இருந்தது, அலசிய மணல் இருந்தால் அலை அடித்தது. பவளத் துண்டு கிடைத்ததாலேயே அது பவளப்பாராகிவிடாது; பவளம் வளர்ந்த நிலையில் நிற்க வேண்டும். மாத்தளைக் கல்லிலோ 800 பாகை செல்சியஸைத் தாண்டிய வெப்பம் ஓட்டையும் மணியையும் அழித்துவிட்டது. அப்படியும் அயலில் குவாட்சைட் மணலைச் சொல்கிறது, காணட்டும் சிலிமனைட்டும் கொண்ட நைஸ் களியைச் சொல்கிறது, கல்லுக்குள் இருக்கும் டயொப்சைட்டும் ஃபுளொகொபைட்டும் வண்டலில் கலந்திருந்த அழுக்கைச் சொல்கின்றன. மூன்றும் சேர்ந்தால் கண்டவோரக் கடல் என்று சொல்லலாம். கடனீரேரியா, பாரா என்று சொல்ல முடியாது. மடிந்தும் இழுபட்டும் போன அடுக்கின் தடிப்பை அளந்து மேடையின் தடிப்பு என்பதும் தகாது.

இழை அழிந்த கல்லில் காபன் சமதானிகளை விட்டால் வேறு என்ன கதி என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். எப்பாவலையின் காபனேற்றுக் கல் கடலில் படிந்ததா, பாறைக்குழம்பில் பிறந்ததா என்ற வழக்கில் இரசாயனத்தின் சாட்சி பெறுமதியானது. ஆனால் உருமாற்றத்தின்போது சிலிக்கேற்றோடு நடந்த தாக்கமே அந்தச் சமதானி எண்ணை மாற்றக்கூடும். மாதிரி பளிங்கின் நடுவிலிருந்து வந்ததா, நைஸைத் தொட்ட விளிம்பிலிருந்தா என்பதைச் சொல்லப் பழையபடி களக்குறிப்பேடுதான் வேண்டும்.

இனிச் சொல்வதை யாரையும் மனதில் வைத்துச் சொல்லவில்லை. இன்று உழைப்போரில் திறமைசாலிகள் பலர். ஆனாலும் அறிக்கைகளில் எந்தச் சுண்ணக்கல்லும் பாராகிவிடுகிறது. குடாநாட்டுக் கரையோரத்தின் அண்மைக்காலப் பவளமும் மயோசீன் கல்லும் ஒரே நிறத்தில் தீட்டப்படுகின்றன. மாதிரிப் பையில் இடப்பெயர் இல்லை, படத்தில் அளவுகோல் இல்லை, வடக்குக் குறி இல்லை. சுத்தியலைத் தலைகீழாகப் பிடிப்பவருக்கும் பொன்னாடை போர்த்துகிறோம். நன்றாகப் பென்சில் சீவத் தெரியாத ஒரு தலைமுறை கடல்களை வரைய வந்துவிட்டது! சங்கப் பெரியவர்கள் என் சினத்தைப் பொறுத்தருள வேண்டும். பரிகாரம் பெரிதல்ல: சங்கக் கூட்டத்தில் கட்டுரை வாசிக்க வருபவர் களக்குறிப்பேட்டையும் மேசையில் வைக்க வேண்டும் என்று இந்த ஆண்டே தீர்மானம் எடுப்போம்.