தேடலும் தெளிவும்

இறையியல் மாணவர் நூலகத்துக்குச் செல்லுமுன்பே இணையத்தில் தேடிவிடுகின்றனர் என்பதைக் கல்லூரிகளில் கற்பிக்கும் நாம் அறிவோம். அதனைக் குறையென்று கூற நாம் முன்வரவில்லை. ஆனால், தேடியது கிடைத்துவிட்டதாலேயே அது சரியானது என்று கொள்ளும் துணிவு அவர்களிடையே வளர்ந்து வருகிறது. அத்துணிவையே ஈண்டு ஆராய விழைகிறோம்.

அருளுரைப் பயிற்சி வகுப்பில் மாணவர் ஒருவர் மாற்கு 10:25ஐ விளக்கினார். எருசலேமில் 'ஊசியின் காது' என்னும் சிறு வாயில் இருந்ததென்றும், ஒட்டகம் சுமையை இறக்கி முழங்காலிட்டால் அதில் நுழையலாம் என்றும் உறுதியாகக் கூறினார். சான்று யாதென வினவினோம். இணையத்தில் பல இடங்களில் அவ்வாறே உள்ளது என்றார். அவை ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதப்பட்டவையாக இருக்கலாம் என்பதை அவர் எண்ணவில்லை.

இக்கருத்து இடைக்கால விளக்கவுரைகளின் வழியே வந்தது. இயேசுவின் காலத்தில் அப்பெயருடைய வாயில் இருந்ததற்குச் சான்று இல்லை. நூலகத்திலுள்ள நல்ல விளக்கவுரை ஒன்றை நாடியிருந்தால் மாணவர் இதனை அறிந்திருப்பார். பாபிலோனியத் தல்மூதில், யானை ஊசிக்காதில் நுழைவது இயலாத செயலுக்கு எடுத்துக்காட்டாக வருவதையும் கண்டிருப்பார்.

இது வெறும் தகவற்பிழை அன்று. செல்வர் சற்றுக் குனிந்தால் போதுமெனில், சீடர்கள் திகைத்தது ஏன்? மீட்பைக் கடவுளின் செயலாகக் காட்டும் 27ஆம் வசனத்துக்குத் தேவைதான் என்ன? ஆராயாத ஒரு செய்தி நற்செய்தியின் கூர்மையை மழுக்கிவிடுகிறது. அதனைக் கேட்டு ஆறுதல் கொள்ளும் செல்வரும், ஏமாற்றமடையும் ஏழையரும் நம் சபைகளில் அமர்ந்திருக்கின்றனர்.

மற்றொன்றும் கருதத்தக்கது. இணையத்தில் விலையின்றிக் கிடைக்கும் விளக்கவுரைகளுள் பல, பதிப்புரிமைக் காலம் கடந்தவை. மத்தேயு ஹென்றி 1714இல் மறைந்தவர். ஸ்ட்ராங்கின் ஒத்தவாக்கிய நூல் 1890இல் வெளிவந்தது. ஆக்சிரிங்கஸில் கிரேக்கப் பாப்பிரசு ஏடுகளை அகழ்ந்தெடுக்கும் பணி தொடங்கியதோ 1896இல். சாக்கடற் சுருள்கள் வெளிப்படத் தொடங்கியது 1947இல். எனவே இப்பழைய நூல்கள் பயனற்றவை என்பதன்று. அவற்றின் காலத்தை அறியாது, அவையே முடிவான சொல் எனக் கொள்வதே தவறு.

இணையத்தின் நன்மையை மறுப்பது நன்றியின்மையாகும். லண்டன், லைப்சிக், செயின்ட் பீட்டர்ஸ்பர்க், சீனாய் மடம் ஆகிய நான்கு இடங்களில் பிரிந்துள்ள சீனாய்ச் சுவடியின் ஏடுகள் 2009இல் இணையத்தில் ஒன்றுசேர்க்கப்பட்டன. நூலகமே இல்லாத சிற்றூரில் பணிபுரியும் ஆயரும் இன்று அவற்றைக் காணலாம்.

குறை மாணவரிடம் மட்டுமா உள்ளது? நூல்கள் பூட்டி வைப்பதற்கல்ல என்பதை எஸ். ஆர். ரங்கநாதன் 1931இலேயே தம் நூலில் வலியுறுத்தினார். நாமோ அலமாரிகளைப் பூட்டினோம். நூற்பட்டியலைப் பயன்படுத்தும் முறையைக் கற்பிக்க மறந்தோம். திறந்திருந்த வாயிலை மாணவர் நாடினர். இதில் வியப்பென்ன?

ஆகவே, இணையத்தை விலக்குமாறு நாம் கூறவில்லை. எழுதியவர் யார், எக்காலத்தில் எழுதினார், எச்சான்றின்மேல் எழுதினார் என்னும் மூன்று வினாக்களை அச்சுநூலிடமும் இணையப் பக்கத்திடமும் ஒருங்கே கேட்கப் பழக்குவோம். 1 தெசலோனிக்கேயர் 5:21 நம்மிடம் வேண்டுவதும் இச்சோதித்தறிதலே. அருளுரை மேடையில் ஏறுபவர் தாம் கண்டெடுத்ததற்கு மட்டுமன்று, ஆராயாது விட்டதற்கும் கணக்குக் கொடுக்க வேண்டியவர்.