பாட்டிலுக்குள் என்ன? நானோப் பொருள்களும் நம் சட்டங்களும்

கம்மாபுரம் பக்கத்துச் சம்பா வயல்களில் மேலுரம் இடும் பருவம். என்னிடம் இயற்பியல் பயிலும் மாணவர் ஒருவரின் தந்தை, கையில் ஒரு சிறிய பாட்டிலுடன் வீட்டுக்கு வந்தார். யூரியா மூட்டை கேட்ட இடத்தில், இதையும் சேர்த்து வாங்கினால்தான் மூட்டை என்று உரக்கடைக்காரர் சொல்லிவிட்டாராம். “சார், இந்த அரை லிட்டர் ஒரு மூட்டைக்குச் சமம்ங்கறாங்க. நீங்க படிச்சவங்க, கணக்குப் போட்டுச் சொல்லுங்க” என்றார். நானோ யூரியா பாட்டில் அது. கணக்குப் போட்டேன். வாசகர்களும் உடன் போட்டுப் பார்க்கலாம். எட்டாம் வகுப்புக் கணக்குதான்.

ஒரு யூரியா மூட்டை 45 கிலோ. அதில் தழைச்சத்தாகிய நைட்ரஜன் 46 விழுக்காடு. ஆகவே ஏறக்குறைய 20.7 கிலோ. 2021ஆம் ஆண்டு இஃப்கோ கூட்டுறவு நிறுவனம் அறிமுகப்படுத்திய பாட்டிலில் நைட்ரஜன் 4 விழுக்காடு. அரை லிட்டருக்கு 20 கிராம். ஒன்று கிலோவில், மற்றது கிராமில். ஆயிரம் மடங்கு வேறுபாடு! 2024 ஏப்ரலில் அறிவிக்கப்பட்ட ‘நானோ யூரியா பிளஸ்’ இதைவிடச் செறிவானது. அப்போதும் அரை லிட்டரில் நைட்ரஜன் சுமார் 100 கிராம்தான். இருநூறு மடங்கு இடைவெளி நிற்கிறது. மண்ணில் இடும் யூரியாவில் பெரும்பகுதி ஆவியாகியும் நீரில் கரைந்தோடியும் வீணாவது உண்மைதான். அதில் மூன்றிலொரு பங்கே பயிருக்குச் சேர்கிறது என்று வைத்துக்கொண்டாலும் ஏழு கிலோ. இலை வழியே இருபது கிராமும் முழுதாகப் போய்ச் சேர்ந்தாலும் ஏழு கிலோவின் வேலையைச் செய்யுமா? நெல்மணியின் புரதத்துக்குள் இருக்கும் நைட்ரஜன் எங்கிருந்தாவது வந்தாக வேண்டும். பொருள் அழியாமை விதி நானோவுக்கு மட்டும் விலக்கு அளிப்பதில்லை.

“அளவு பெரிதன்று, துகளின் நுண்மைதான் பெரிது” என்பது மறுதரப்பின் வாதம். இதை எள்ளி நகையாடுதல் தகாது. இதில் இயற்பியல் இருக்கிறது. ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே பத்து நானோமீட்டர் பக்கமுள்ள குட்டிக் கனசதுரங்களாக வெட்டினால், எடை மாறாது. மேற்பரப்போ 600 சதுர மீட்டர் ஆகிவிடும். நம் ஊர்க் கணக்கில் ஏறக்குறைய 15 சென்ட் மனை! வேதிவினைகள் மேற்பரப்பில் நிகழ்வதால், எடை குறைந்தாலும் வினை மிகும். தங்கம் மஞ்சள் நிறம் இழந்து சிவப்பாகத் தெரிவதும் இந்த நுண்மையினால்தான்.

ஆனால் யூரியாவில் ஒரு சிக்கல் உண்டு. அது தண்ணீரில் மிக எளிதில் கரைவது. அறை வெப்பநிலையில் ஒரு லிட்டர் நீரில் ஒரு கிலோவுக்கும் மேல் கரையும். சர்க்கரையைக் கரைத்துவிட்டு, “இந்தச் சர்க்கரைத் துகளின் அளவு என்ன?” என்று கேட்டால் என்ன பொருள்? கரைந்தபின் அங்கே இருப்பவை தனித்தனி மூலக்கூறுகள். துகள் கரையாமல் நிற்க வேண்டுமானால், அதைச் சுற்றி ஏதோ ஒரு பொருள் காவலாக இருக்க வேண்டும். அது எது, எவ்வளவு, இலையிலும் மண்ணிலும் அது பின்பு என்ன ஆகிறது என்பதைத்தான் வாங்குபவர் கேட்க வேண்டும். பாட்டிலின் தாளில் இதற்கு விடை தேடினேன், கிடைக்கவில்லை.

இனிச் சட்டத்துக்கு வருவோம். 2020 ஜூலையில், மத்திய உயிர்த்தொழில்நுட்பத் துறை, வேளாண் அமைச்சகத்துடனும் உணவுப் பாதுகாப்பு ஆணையத்துடனும் சேர்ந்து, நானோ வேளாண் இடுபொருள்களையும் உணவுப் பொருள்களையும் மதிப்பிடுவதற்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. நல்ல தொடக்கம், இதைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் அதன் பெயரே சொல்வதுபோல் அது வழிகாட்டி. தண்டனை கொண்ட சட்டமன்று. 2021 பிப்ரவரியில், 1985ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணையின் கீழ் நானோ யூரியா மூன்றாண்டுக்கு அறிவிக்கப்பட்டது. துகளின் அளவும் அதில் நிர்ணயிக்கப்பட்டுள்ளது. சரி, யார் சோதிப்பது? உர ஆய்வாளர் எடுத்தனுப்பும் மாதிரியில் தழைச்சத்து எத்தனை விழுக்காடு என்று வேதியியல் முறையில் காண்பது நம் ஆய்வகங்களுக்குக் கைவந்த வேலை. இருபது நானோமீட்டர் துகளைக் காண்பதற்கோ மின்னணு நுண்ணோக்கி வேண்டும். அளக்கும் கருவி அருகில் இல்லாத அளவுகோல் ஏட்டில் மட்டுமே வாழும்.

விளைச்சலைப் பற்றியும் ஐயம் எழுந்துவிட்டது. லூதியானாவின் பஞ்சாப் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் ஈராண்டு செய்த கள ஆய்வில், வழக்கமான பரிந்துரை அளவோடு ஒப்பிட, நானோ யூரியா முறையில் கோதுமை விளைச்சல் 21.6 விழுக்காடும் நெல் 13 விழுக்காடும் குறைந்தன. தானியத்தின் புரதமும் குறைந்தது. நிறுவனம் தன் பல ஆய்வுக்களங்களின் முடிவுகளைக் காட்டி மறுக்கிறது. 2023இல் டென்மார்க் நாட்டு அறிஞர் இருவர் அந்த அறிவியல் அடிப்படையையே கேள்விக்குள்ளாக்கினர். வழக்கு முடியவில்லை, ஆனால் பாட்டில் கம்மாபுரம் வரை வந்துவிட்டது.

உரமாவது ஓர் ஆணைக்குள் வந்தது. நானோ வெள்ளி பூசிய துணி, முகப்பூச்சிலுள்ள டைட்டானியம் டை ஆக்சைடு, கலவைப் பொருள்களில் சேரும் கார்பன் குழாய்கள் இவற்றைப் பற்றி என்ன சொல்வது? எவர் எவ்வளவு செய்கிறார், இறக்குமதி செய்கிறார், எதில் கலக்கிறார் என்று அரசுக்குக் கட்டாயமாக அறிவிக்க, நானோப் பொருளுக்கென்று ஒரு பதிவேடு நம் நாட்டில் இல்லை. போபால் துயரத்துக்குப்பின் 1989இல் வந்த அபாயகரமான இரசாயனங்கள் பற்றிய விதிகள், பெரும்பாலும் டன் கணக்கில் வரம்பு வைத்தவை. கடலூர் சிப்காட் வளாகத்தைச் சுற்றி வாழ்வோருக்கு இத்தகைய விதிகளின் அருமையும் குறையும் நன்கு தெரியும். 15 சென்ட் பரப்பைச் சில கிராமுக்குள் அடக்கும் பொருளை டன் தராசு எப்படிக் காட்டும்?

பிற நாடுகள் இடறியும் எழுந்தும் வழி கண்டன. 2006 டிசம்பரில் அமெரிக்காவின் பெர்க்லி நகராட்சி, தன் எல்லைக்குள் நானோப் பொருள் செய்வோரும் கையாள்வோரும் அறிவிக்க வேண்டும் என்று விதி செய்தது. ஒரு நகராட்சிதான், கவனியுங்கள்! பிரிட்டனும் அமெரிக்க மத்திய அரசும் விரும்பினால் தெரிவிக்கலாம் என்று முதலில் கேட்டுப் பார்த்தன. மிகச் சிலரே முன்வந்தனர். விருப்பத்துக்கு விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. பிரான்சு 2013 முதல் கட்டாயமாக்கியது. ஆண்டுக்கு 100 கிராம் தாண்டினாலே அறிவிக்க வேண்டும். அமெரிக்கா 2017இல் கட்டாய விதிக்கு வந்தது. பிரான்சின் பதிவேடும் குறையற்றதன்று. வந்து சேரும் தகவல்களின் தரம் போதவில்லை என்று அந்நாட்டின் அன்செஸ் அமைப்பே கூறியது. எனினும், குறையுள்ள பதிவேட்டைத் திருத்தலாம். இல்லாத பதிவேட்டை என்ன செய்வது?

நானோ என்றாலே நஞ்சு என்று சொல்ல நான் வரவில்லை. அடுப்புக்கரிப் புகையிலும் நானோத் துகள் உண்டு. சிறு தொழில் செய்வோருக்கு இன்னொரு படிவம் சுமைதான். வணிக இரகசியம் காக்க வேண்டும் என்பதிலும் நியாயம் உண்டு. ஆனால் 2008இல் எடின்பரோ ஆய்வாளர்கள், நீண்ட கார்பன் குழாய்கள் எலிகளின் உடலில் கல்நார் இழைபோல் நடந்துகொள்வதைக் கண்டனர். கல்நாரின் தீங்கு தெரியவந்தபோது, அதை நுகர்ந்த தொழிலாளர் யார் யார் என்று தேடிப் பிடிப்பதே பெரும்பாடாயிற்று. பெயரும் அளவும் முன்பே எழுதி வைக்கப்பட்டிருந்தால், பிற்பாடு தேடுவோருக்கு ஒரு நூல் முனையாவது கிடைக்கும்.

மாணவரின் தந்தையிடம் கணக்கைக் காட்டினேன். சிறிது நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். வாங்கியதை வீணாக்க மனமில்லை. ஒரு காணியில் மட்டும் மேலுரத்தைக் குறைத்துப் பாட்டில் மருந்தைத் தெளிப்பதாகவும், பக்கத்துக் காணிக்கு வழக்கம்போல் யூரியா போடுவதாகவும் சொன்னார். ஒரே ஒரு காணியின் விளைச்சல் அறிவியல் முடிவாகாது என்று சொல்லி வைத்தேன். தை அறுவடையில் இரண்டையும் தனித்தனியே எடை போட்டுச் சொல்கிறேன் என்று எழுந்து போனார்.