சரித்திரம் என்ற ஒரு சொல்

'அபுனைவு' என்று ஒரு சொல் நம்மிடையே புழக்கத்துக்கு வந்துவிட்டது. புனைவு அல்லாதது என்று அதற்குப் பொருள். எழுத்தின் ஒரு பெரும் பரப்பை, அதில் எது இல்லையோ அதை வைத்துப் பெயரிட்டிருக்கிறோம். கவிதையை யாரும் 'அவசனம்' என்று சொல்வதில்லை. சுயசரிதம், நாட்குறிப்பு, பயண நூல், வரலாறு, விசாரணை அறிக்கை, விமர்சனம் எல்லாம் சேர்ந்து ஒரு 'அ'வுக்குள் அடைபட்டுவிட்டன. பெயரில் என்ன இருக்கிறது என்று விட்டுவிடலாம்தான். ஆனால் இந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு மதிப்பீடு இருக்கிறது. நம் சிறுபத்திரிகைச் சூழலில் 'படைப்பாளி' என்றால் கதையோ கவிதையோ எழுதுகிறவன். மற்றவன் 'கட்டுரையாளன்'. முன்னவனுக்குத் தரிசனம் உண்டு, பின்னவனுக்குத் தகவல் உண்டு. இந்தப் பங்கீடு எவ்வளவு பொய்யானது என்பது இரண்டு வகை நூல்களையும் கலந்து வாசிக்கிற யாருக்கும் தட்டுப்படும். தட்டுப்பட்டும் நாம் அதைப் பேசுவதில்லை.

தமிழ் நாவலின் தொடக்கத்தைப் பாருங்கள். வேதநாயகம் பிள்ளையின் பிரதாப முதலியார் சரித்திரம் 1879. ராஜமய்யரின் கமலாம்பாள் சரித்திரம் விவேக சிந்தாமணியில் தொடராக வந்து 1896இல் நூலானது. மாதவையாவின் பத்மாவதி சரித்திரம் 1898. மூன்றும் நாவல்கள். மூன்றும் தம்மைச் 'சரித்திரம்' என்றே அழைத்துக்கொண்டன. பிறகு 1940 முதல் 1942 வரை, உ.வே. சாமிநாதய்யர் ஆனந்த விகடனில் தம் வாழ்க்கையை எழுதியபோது அவர் வைத்த தலைப்பும் 'என் சரித்திரம்'தான். நடந்ததற்கும் நடந்ததுபோல் சொல்லப்பட்டதற்கும் ஒரே சொல் போதுமானதாக இருந்திருக்கிறது. அன்றைய ஆசிரியர்களுக்கு வித்தியாசம் தெரியாமல் இல்லை. நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழில் தொகுத்துச் 'சித்தாந்த சங்கிரகம்' வெளியிட்ட முன்சீப் வேதநாயகம் பிள்ளைக்கு, சாட்சியத்துக்கும் கற்பனைக்கும் உள்ள தூரம் நம்மில் பலரையும்விட நன்றாகவே தெரிந்திருக்கும். அவருடைய கவலை வேறு. தமிழில் வசன நூல்கள் இல்லை என்ற குறையை நிரப்பவே எழுதியதாக அவர் சொல்கிறார். அவருக்கு முதற்பிரச்னை வசனம். அது கதை சொல்லுமா, நியாயம் பேசுமா என்பது இரண்டாம் பட்சம். அதனால்தான் அந்த நூலில் ஞானாம்பாள் ஆண்வேடத்தில் அரசாளும் கதைக்கு நடுவே, தமிழ்நாட்டு நீதிமன்றங்களில் வழக்குத் தமிழில் நடக்கவேண்டும் என்ற வாதமும் வந்து உட்கார்ந்துகொள்கிறது. நாவல் என்ற கணக்கில் இது குறைதான். ஆனால் கதைப் பகுதியைவிட அந்த வாதப் பகுதியின் வசனம் உயிரோடிருக்கிறது என்பதையும் யாராவது சொல்லவேண்டும்.

இதே வேதநாயகம் பிள்ளை 'என் சரித்திர'த்தில், மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் நண்பராக, ஒரு பாத்திரமாக நடமாடுகிறார். முதல் தமிழ் நாவலாசிரியர் ஒரு சுயசரிதத்தின் பாத்திரம். இதைவிட முக்கியமான முன்சீப் ஒருவரும் அந்த நூலில் வருகிறார்: சேலம் இராமசுவாமி முதலியார். 1880இல் கும்பகோணத்தில் அவரை சாமிநாதய்யர் சந்திக்கும் இடம் எல்லோருக்கும் தெரிந்தது. என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்கிறார். இவர் அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், உலா, கோவை என்று தாம் படித்தவற்றை அடுக்குகிறார். முதலியார் அசையவில்லை. இவ்வளவும் படித்து என்ன பயன் என்கிற தோரணை. பிறகு சிந்தாமணி, மணிமேகலை பற்றிய கேள்வி.

இந்த இடத்தைத் தமிழ் இலக்கிய வரலாற்றின் திருப்பம் என்று எல்லோரும் குறிப்பிடுகிறார்கள். இதை எழுத்தாகப் பார்த்தவர்கள் குறைவு. அங்கே ஒரு பட்டியல்தான் நாடகம். பட்டியல் நீள நீள, அதைச் சொல்கிறவருடைய பெருமிதம் தளர்ந்து சங்கடமாக மாறுகிறது. அந்த மாற்றத்தை விளக்கி ஆசிரியர் அதிகம் சொல்வதில்லை. நூல்களின் பெயர்களே சொல்லிவிடுகின்றன. ஒரு கல்வி முறையின் முழு வீழ்ச்சியும் ஓர் உரையாடலுக்குள் நடந்து முடிகிறது. நடந்து ஏறக்குறைய அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு எழுதப்பட்ட உரையாடல் இது. ஒவ்வொரு வாக்கியமும் அப்படியே பேசப்பட்டது என்று யாரும் வாதிடமாட்டார்கள். தேர்வு, வரிசை, எதை எங்கே நிறுத்துவது என்ற தீர்மானம் எல்லாம் எழுதுகிறவனுடையவை. இவை சிருஷ்டியின் காரியங்கள் இல்லையென்றால் வேறு எவை? ஆனாலும் 'என் சரித்திரம்' நம் விமர்சகர்களிடம் தகவல் களஞ்சியமாகவே இருந்துவருகிறது. ஆராய்ச்சியாளன் அதில் தேதி தேடுகிறான். நாவலாசிரியன் அதைப் படிப்பதில்லை.

எதிர்த்திசையில் ஓர் உதாரணம். புதுச்சேரியில் துய்ப்ளேக்ஸின் துபாஷாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736இல் தொடங்கி, 1761இல் அவர் இறக்கும் காலம்வரை நாட்குறிப்பு எழுதினார். பிரபஞ்சன் அதை அடித்தளமாக வைத்து 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' என்ற இரு நாவல்களை எழுதினார். பின்னது 1995இல் சாகித்ய அகாதெமி பரிசு பெற்றது. நாட்குறிப்பில் பேசாத தாசிகளையும் ஊழியர்களையும் சாதாரண ஜனங்களையும் பேசவைத்தது அந்த நாவல்களின் சாதனை. பிள்ளையின் பார்வையில் படாததை, பட்டும் அவர் பொருட்படுத்தாததை, நாவல் பார்த்தது. புனைவால் மட்டுமே ஆகக்கூடிய வேலை இது. குறைத்துச் சொல்ல எனக்கு உத்தேசமில்லை.

ஆனால் இரண்டையும் அடுத்தடுத்து வாசிக்கிறபோது ஓர் இழப்பும் தெரிகிறது. 1748இல் வேதபுரீசுவரன் கோயில் இடிக்கப்பட்டதைப் பிள்ளை எழுதியிருக்கும் பக்கங்களைப் படியுங்கள். ஊராரின் துக்கம், துரையின் மனைவிமேல் அவருக்குள்ள வெறுப்பு, தம் நிலைமை குறித்த ஜாக்கிரதை மூன்றும் பின்னிக் கிடக்கின்றன. எது பக்தி, எது வியாபாரம், எது பயம் என்று பிரிக்க முடியவில்லை. அவரும் பிரித்துக் காட்ட முயலவில்லை. முடிவு என்ன ஆகும் என்று தெரியாமல் அன்றைக்கன்று எழுதுகிறவனுடைய வசனம் அது. நாவலாசிரியனுக்கு முடிவு தெரியும். 'மானுடம் வெல்லும்' என்ற தலைப்பே ஒரு தீர்ப்பு. தீர்ப்பை முன்னால் வைத்துக்கொண்டு மனிதர்களைப் பார்க்கும்போது, அவர்கள் நல்லவர்களாகவும் கெட்டவர்களாகவும் எளிதில் விலகி நின்றுவிடுகிறார்கள். இருநூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு துபாஷ், நாவல் என்ற பேச்சே அறியாதவர், நாவலுக்கு வேண்டிய சிக்கலைத் தம் கணக்குப் புத்தகம் போன்ற குறிப்பில் வைத்திருக்கிறார். இந்தச் சிக்கல் 'தகவல்' என்ற சொல்லுக்குள் அடங்குமா?

இதைக் கொண்டு, ஆவணம் எப்போதும் மேலானது என்று ஒரு புதிய சூத்திரம் செய்துகொள்ள வேண்டியதில்லை. 1948 செப்டம்பரில் இந்திய ராணுவம் ஹைதராபாத் சமஸ்தானத்துக்குள் நுழைந்தது. அதைத் தொடர்ந்து நடந்த படுகொலைகளை விசாரிக்க நேருவின் அரசாங்கம் பண்டிட் சுந்தர்லால் தலைமையில் ஒரு குழுவை அனுப்பியது. 27,000 முதல் 40,000 பேர்வரை இறந்திருக்கலாம் என்று குழு மதிப்பிட்டது. அறிக்கையைப் பல பத்தாண்டுகள் அரசு வெளியிடவில்லை. அது கோப்பில் கிடந்த காலத்தில்தான், 1977இல், அசோகமித்திரனின் '18வது அட்சக்கோடு' வந்தது. கிரிக்கெட்டும் கல்லூரியும் அண்டைவீட்டுச் சச்சரவுமாகப் போகும் சந்திரசேகரனின் நாட்கள், கலவர இரவு ஒன்றில் ஒரு முஸ்லிம் வீட்டுக்குள் போய் முடிகின்றன. அந்த வீட்டுச் சிறுபெண் தன் குடும்பத்தைக் காப்பாற்றத் தன்னையே கொடுக்க முன்வருகிறாள். அவன் ஓடுகிறான்.

அறிக்கையை இன்று படிக்க முடிகிறது. அதில் எண் இருக்கிறது. மாவட்டங்களின் பெயர் இருக்கிறது. அரசாங்கம் தன் பிரஜைகளிடமிருந்து எதை மறைத்தது என்பது அதில்தான் இருக்கிறது. நாவல் இதில் எதையும் தரமுடியாது. ஆனால் அந்த எண்ணிக்கையில் ஒருவனாகவும் இல்லாதவன், கொலை செய்யாதவன், எந்தத் தரப்புக்கும் போகாதவன், அப்படி இருந்தும் ஒரு பெண்ணின் கண்ணுக்குத் தான் யாராகத் தெரிகிறோம் என்று கண்டுகொண்டு கூசும் அந்தக் கணம் எந்த விசாரணைக் குழுவின் அதிகார வரம்புக்குள்ளும் வராது. ஒன்றை மட்டும் படித்தவனுக்கு 1948 பாதிதான் தெரியும். எண் மட்டும் தெரிந்தவன் தன்னை அதற்கு வெளியே வைத்துக்கொள்ளலாம். அந்த அறை மட்டும் தெரிந்தவன் அதை ஒரு தனிமனிதனின் மனச்சாட்சிப் பிரச்னையாகச் சுருக்கிவிடலாம்.

புனைவு தன் பக்கத்துக்கு இருக்கும் பற்றாக்குறையை உள்ளூர உணர்ந்தே இருக்கிறது. சுந்தர ராமசாமியின் 'ஜே.ஜே: சில குறிப்புகள்' (1981) இதற்குச் சாட்சி. ஜே.ஜே. இறந்த நாள் 1960 ஜனவரி 5, காம்யு இறந்ததற்கு மறுநாள் என்று அந்த நாவல் ஆரம்பிக்கிறது. காம்யு ஜனவரி 4இல் இறந்தது நிஜம். அந்த நிஜத் தேதியின்மேல் கற்பனைத் தேதி ஒன்று சாய்ந்து நிற்கிறது. நாட்குறிப்பு, நினைவுக்குறிப்பு, வாழ்க்கை வரலாறு எல்லாவற்றின் உடைகளையும் நாவல் அணிந்துகொள்கிறது. விவாதத்தையும் அபிப்பிராயத்தையும் தமிழ் நாவலுக்குள் தலைநிமிர்ந்து நடக்கவிட்டது அந்த நூல். கட்டுரைக்கு உரியவை என்று நாம் ஒதுக்கிவைத்தவற்றை எடுத்துக்கொண்டதால்தான் அது அன்று புதிய நாவலாயிற்று. ஆனால் நாம் நாவலாசிரியன் கட்டுரையின் வடிவத்தைக் கடன்வாங்கினால் 'சோதனை' என்கிறோம். கட்டுரையாளன் காட்சியையும் உரையாடலையும் எடுத்துக்கொண்டால் 'நம்பகத்தன்மை' பற்றிச் சந்தேகப்படுகிறோம்.

இதெல்லாம் வகைமை பற்றிய சிறுவிவாதம் என்று தோன்றலாம். பாமாவின் 'கருக்கு' (1992) வந்தபோது அது அப்படி இல்லை என்று தெரிந்துபோயிற்று. அது நாவலா சுயசரிதமா என்ற கேள்வி இன்றுவரை ஓயவில்லை. கேள்வி கேட்கப்பட்டதில் தவறில்லை. அதற்குப் பின் வந்த சொல்தான் கவனிக்கவேண்டியது: 'ஆவணம்'. முக்கியமான ஆவணம், தவிர்க்கமுடியாத ஆவணம் என்று புகழ்வதுபோலச் சொல்லப்படும். பொருள், இது இலக்கியம் இல்லை என்பது. ஒரு பெரியவர் வடைப் பொட்டலத்தைக் கை படாமல் நூலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போகும் காட்சி அதில் வருகிறது. பார்க்கும் குழந்தைக்குச் சிரிப்பு வருகிறது. காரணத்தை அண்ணன் சொன்ன பிறகுதான் சிரிப்பு கோபமாகிறது. முதலில் சிரிப்பை நமக்குக் கொடுத்து, நம்மையும் சிரிக்கவைத்து, பிறகு அதைப் பிடுங்கிக்கொள்கிற வரிசையைக் கவனியுங்கள். அனுபவம் தானாக இந்த வரிசையில் வந்து விழுவதில்லை. இதைச் செய்கிற கையை 'ஆவணம்' என்ற சொல் மறைத்துவிடுகிறது.

ஆக, சிலருக்குக் கற்பனை உண்டு, சிலருக்கு அனுபவம் மட்டும் உண்டு என்ற பிரிவினை எழுத்தைப் பற்றியதாக மட்டும் இல்லை. அது மனிதர்களைப் பற்றியது. படைப்பு என்ற சொல்லை நாம் யாருக்குத் தருகிறோம், யாருக்கு மறுக்கிறோம் என்ற கணக்கை இந்தச் சிறிய வட்டத்துக்குள் ஒருமுறையாவது போட்டுப் பார்ப்பது நல்லது.

எல்லாமே பிரதிதான், எல்லையே இல்லை என்று சொல்லிவிடுகிற சுலபமான வழியும் உண்டு. எனக்கு அதில் சம்மதமில்லை. எல்லை இருக்கிறது. அந்தச் சிறுபெண்ணை அசோகமித்திரன் தன் கற்பனையில் உண்டாக்கியிருந்தால் நாவல் ஒன்றும் குறைந்துபோகாது. இராமசுவாமி முதலியாரை சாமிநாதய்யர் உண்டாக்கியிருந்தால் 'என் சரித்திரம்' சரிந்துவிடும். சுந்தர்லால் குழு ஒரு கிராமத்தை உண்டாக்கியிருந்தால் அது குற்றம். நடந்ததை எழுதுகிறவன், தன் அறைக்குள் இல்லாத, மறுத்துப் பேச முடியாத ஒருவருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவன். புனைகிறவனுக்கு இந்தக் கடன் இல்லை. அவனுடைய கடன் வேறு: அவனைக் காப்பாற்றச் சாட்சி கிடையாது. எழுதியதன் உள்ளேயே அது நிற்கவேண்டும். கடன்கள் வேறு என்பதால் ஒன்று கலை, மற்றது தகவல் என்று ஆகிவிடாது.

நம் விமர்சனம் செய்யவேண்டியது சின்ன காரியம்தான். நாவலை மதிப்பிடும்போது நடை, உத்தி, தரிசனம் என்று பேசிவிட்டு, அந்த நாவலுக்கு அது எடுத்துக்கொண்ட உலகத்தைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்காமல் விடுகிறோம். கூலி எவ்வளவு, வட்டி எவ்வளவு, நிலம் யார் பெயரில் என்று தெரியாமலே கிராமத்தைப் பற்றி நாவல் எழுதிவிட முடிவது இதனால்தான். மற்ற நூல்களை மதிப்பிடும்போது உள்ளடக்கத்தைச் சுருக்கிச் சொல்லிவிட்டு, 'அனைவரும் படிக்கவேண்டிய நூல்' என்று முடித்துவிடுகிறோம். வாக்கியம் எப்படி இருக்கிறது, யாருடைய கண்ணால் பார்க்கப்பட்டிருக்கிறது, எது விடப்பட்டிருக்கிறது என்று கேட்பதில்லை. நம்மிடம் உரைநடை அக்கறையில்லாத வரலாற்று நூல்கள் குவிவது இதனால்தான். கேள்விகளை இடம் மாற்றிக் கேட்டுப் பார்க்கலாம். நாவலிடம் அதன் அறிவைக் கேட்போம். நாட்குறிப்பிடமும் சுயசரிதத்திடமும் அறிக்கையிடமும் அவற்றின் பார்வையையும் மொழியையும் கேட்போம். கேட்க ஆரம்பித்தால், 'அபுனைவு' என்ற சொல் நமக்கு எதற்கும் பயன்படவில்லை என்பது தெரிந்துவிடும்.