தீச்சுவரை நிறுத்தச் சொல்லும் ஒரு வரி

கோப்புப் பகிர்வு பற்றித் தமிழில் வரும் செய்முறைக் குறிப்புகளில், வேகம் குறைந்தால் தீச்சுவரை நிறுத்திவிடச் சொல்லும் வரி ஒன்றை அடிக்கடி பார்க்கலாம். இலக்கணப் பிழை இருக்காது. ஆனா, செய்முறை விளக்கமா அது தேறாது.

பிட்டோரண்ட்டை எடுத்துக்கொள்வோம். பிராம் கோஹன் 2001-இல் வெளியிட்ட முறை இது. உபுண்டு போன்ற பெரிய கோப்பு சிறு துண்டுகளாகப் பிரிந்து பல கணினிகளிலிருந்து வரும். வந்த துண்டுகளை நம் கணினியும் பிறருக்குக் கொடுக்கும். நாமே தொடங்கும் தொடர்பைத் தீச்சுவர் பெரும்பாலும் தடுப்பதில்லை. அழைக்காமல் உள்ளே வருவதைத்தான் தடுக்கிறது. அதனால் கோப்பு இறங்கும், ஆனா மெதுவா இறங்கலாம். ஏன்னா, நம்மைத் தேடி வரும் கணினிகள் வாசலிலேயே நின்றுவிடுகின்றன.

அதற்கு ஒரு துறையைத் திறந்தால் போதும். பழைய மென்பொருள்கள் 6881 முதல் 6889 வரையுள்ள எண்களைப் பயன்படுத்தின. வீட்டு ரவுட்டரிலும் அதே எண்ணை நம் கணினிக்குத் திருப்பிவிட வேண்டும். குறிப்புகள் விட்டுவிடுவது இதைத்தான். மாணவர் கணினியின் தீச்சுவரை முழுசா நிறுத்துவார். ரவுட்டர் அப்போதும் தடுத்துக்கொண்டே இருக்கும். வேகமும் வராது, பாதுகாப்பும் போச்சு.

சொல்லாட்சியிலும் குறை உண்டு. 'போர்ட்' என்பதைத் 'துறைமுகம்' என்று எழுதினால் ஒரே பெரிய வாசல்தான் மனத்தில் வருகிறது. எண்களோ 0 முதல் 65535 வரை. ஆற்றங்கரைப் படித்துறைகள் போல 'துறை' என்பதே பொருந்தும். 'தீச்சுவர்' நல்ல சொல். பினாங்குக் கடைவீடுகளுக்கு இடையே கூரைக்கு மேலும் எழும் சுவரைப் பார்த்தவர்களுக்கு அது புரியும்: தீ பரவாமல் தடுக்கும், முன்வாசலை அடைக்காது.

விண்டோஸ் அனுமதி கேட்கும்போது தனிப்பட்ட வலையா, பொது வலையா என்றும் கேட்கும். குறிப்பு எழுதுபவர் 'அனுமதி கொடுங்க'ன்னு மட்டும் சொல்லிட்டுப் போயிடுறார். கோப்பிக்கடை வைஃபையில் உட்கார்ந்திருப்பவர் எதைத் தொடுவார்? நிறுத்திய தீச்சுவரை மறுபடி போடச் சொல்லும் கடைசி வரியும் அநேகமாக இருப்பதில்லை.

ஆசிரியர்கள் இந்த வரியை வகுப்பில் திருத்தி எழுதக் கொடுக்கலாம். எந்த மென்பொருள், எந்த எண், எந்தத் திசை, எந்த வலை: நான்கும் வர வேண்டும். பள்ளிக் கணினி என்றால் ஐந்தாவதாக வலையமைப்பு நிர்வாகியின் அனுமதியும் வேண்டும்.