கேட்டலும் கீழ்ப்படிதலும்: பெனடிக்ட் ஒழுங்குநூலில் செவியின் இடம்

மேலைக் கிறித்துவத் துறவு மரபின் அடித்தள நூல்களுள் தலையாயது புனித பெனடிக்ட் இயற்றிய ஒழுங்குநூல். தமிழ்க் கத்தோலிக்கர் ஆசீர்வாதப்பர் என்று வழங்கும் இவர், இத்தாலியின் நூர்சியாவில் ஏறத்தாழ கி.பி. 480இல் பிறந்து, மோந்தே கசினோ மலைமீது துறவுமடம் அமைத்து, ஏறத்தாழ 547இல் மறைந்தவர். 73 இயல்கள் கொண்ட அவருடைய இலத்தீன் நூலின் முதற்சொல் 'ஒப்ஸ்குல்தா' என்பது. 'செவிகொடுத்துக் கேள்' என்னும் ஏவல் அது. ஒரு துறவியின் நூல் 'நம்பு' என்றோ 'துற' என்றோ தொடங்காமல் 'கேள்' என்று தொடங்குவது அறிஞர் பலரின் கருத்தைக் கவர்ந்துள்ளது. அண்மைக் காலத்தில் இச்சொல் நூலிலிருந்து தனியே பெயர்த்தெடுக்கப்பட்டு, மன அமைதிப் பயிற்சிகளுக்கும் தலைமைத்துவப் பயிலரங்குகளுக்கும் முழக்கமாக்கப்பட்டுள்ளது. அவ்வாறு பெயர்த்தெடுக்கும்போது அது எதனை இழக்கிறது என்பதே இங்கு நம் வினா.

இந்நூலைத் தமிழ்வழி அணுகுவோர்க்குத் தனி வாய்ப்பொன்று உண்டு. 'கேள்' என்னும் வினையடி செவிமடுத்தலையும் வினவுதலையும் ஒருங்கே குறிக்கும். 'பெரியவர் பேச்சைக் கேட்டு நட' என்னும்போது கீழ்ப்படிதலையும் குறிக்கும். சொல் கேளாப் பிள்ளை என்றால் செவிப்புலன் குன்றிய பிள்ளை என்று எவரும் பொருள் கொள்வதில்லை. இலத்தீனிலும் கீழ்ப்படிதலைச் சுட்டும் 'ஒபொயிதீரே' என்னும் சொல், கேட்டலைச் சுட்டும் 'அவுதீரே' என்பதன் வழிவந்ததே. ஒழுங்குநூலின் 5ஆம் இயல் கீழ்ப்படிதலைப் பற்றிப் பேசும்போது, செவியில் விழுந்தவுடன் பணிதலைக் கூறும் திருப்பாடல் அடியொன்றைச் சான்றாகக் கொள்வது இவ்வுறவின் அடிப்படையிலேயாகும். கட்டளை பிறப்பதும் அது நிறைவேறுவதும் ஒரே கணத்தில் நிகழ்வதுபோல் இருத்தல் வேண்டும் என்பது அவ்வியலின் எதிர்பார்ப்பு. ஆனால் வினவுதல் என்னும் பொருள் இலத்தீன் சொல்லுக்கு இல்லை. இவ்வேறுபாடு அகராதியோடு நின்றுவிடுவதன்று. ஒழுங்குநூல் உருவான வரலாற்றிலும் அதற்கு இடமுண்டு.

பெனடிக்ட் தம் நூலை வெறுவெளியிலிருந்து படைக்கவில்லை. பெயர் தெரியாத ஆசிரியர் ஒருவரின் 'ஆசான் ஒழுங்கு' என வழங்கும் நூல், 95 இயல்களுடன் பெனடிக்டின் நூலைவிடப் பன்மடங்கு விரிந்தது. அந்நூல் பெனடிக்டுக்குப் பிற்பட்டது என்றே நெடுங்காலம் நம்பப்பட்டது. 1930களின் இறுதியில் அகுஸ்தின் ஜெனெஸ்து என்னும் பிரெஞ்சுத் துறவி இம்முறையைத் தலைகீழாக்கினார். 'ஆசான் ஒழுங்கே' முந்தியது. அதனைச் சுருக்கியும் திருத்தியும் பெனடிக்ட் தம் நூலை அமைத்தார் என்றார் அவர். நீண்ட விவாதத்திற்குப் பின் இன்று பெரும்பாலான ஆய்வாளர் இதனை ஏற்கின்றனர். முன்னுரை, கீழ்ப்படிதல், பேச்சடக்கம், தாழ்ச்சி ஆகியவற்றைப் பேசும் பகுதிகள் பேரளவில் அம்மூலத்திலிருந்து வந்தவை. எனவே, பெனடிக்டின் தனிக்குரலை அறிய விரும்புவோர் அவர் எடுத்துக்கொண்டவற்றைக் காட்டிலும் அவர் விட்டவற்றையும் சேர்த்தவற்றையுமே நுணுகி நோக்குதல் வேண்டும்.

'ஆசான் ஒழுங்கு' பெரும்பாலும் வினாவிடை வடிவினது. சீடன் வினவுகிறான், ஆண்டவர் ஆசானின் வாயிலாக விடையிறுக்கிறார் என்பது அதன் அமைப்பு. இவ்வடிவத்தைப் பெனடிக்ட் முற்றாக விலக்கிவிட்டார். வினவும் சீடன் மறைந்து, கேட்கும் மகன் மட்டும் எஞ்சுகிறான். தமிழ்ச் சொல்லால் கூறுவதாயின், கேள்வியின் ஒரு பாதி நீக்கப்பட்டு மறுபாதி நிறுத்தப்பட்டது. மேலோட்டமாக நோக்குங்கால் இஃது ஆசானின் அதிகாரத்தை மிகுவிக்கும் மாற்றமாகவே தோன்றும். எனினும், 'ஆசான் ஒழுங்கில்' வரும் வினாக்கள் உண்மையான ஐயங்கள் அல்ல. விடைக்கு வழிவிடும் வாயிற்கதவுகளே. அவ்வினாக்களால் ஆசானின் விடை எங்கும் மாறுவதில்லை. ஆண்டவரே ஆசானின் வாய்வழி விடையிறுக்கும் இடத்தில் சீடன் மறுத்துக் கூறுவது எங்ஙனம்? வினா வடிவம் போனதால் சீடனுக்கு இழப்பு ஏதுமில்லை என்றே நாம் கருதுகிறோம். அவன் வாய்திறப்பதற்குப் பெனடிக்ட் வேறிடங்களில் வழிவகுத்தார்.

அவ்விடங்களை அடையுமுன் மொழிபெயர்ப்புச் சிக்கல் ஒன்றைத் தொட வேண்டியுள்ளது. 6ஆம் இயலின் பொருள் 'தசிதுர்னிதாஸ்'. இதனை 'மௌனம்' என்று பெயர்த்தால் தமிழ் வாசகரின் உள்ளத்தில் கல்லால மரத்தடியில் சொல்லாமற் சொல்லும் தட்சிணாமூர்த்தியின் உருவம் எழும். அங்கு மௌனமே உபதேசம். பெனடிக்டின் சொல்லோ, பேச வல்லவன் பேச்சைக் குறைத்துக்கொள்வதைக் குறிப்பது. நாவடக்கம் என்பதே அதற்கு நெருங்கிய தமிழ். பேசுவதும் கற்பிப்பதும் ஆசானுக்குரியன, அடங்கியிருந்து கேட்பது மாணாக்கனுக்குரியது என்ற பகிர்வே அவ்வியலின் மையம். வேறொரு குரல் தெளிவாக ஒலிப்பதற்காகவே ஒருவன் தன் குரலை அடக்குகிறான். அந்த இன்னொரு குரல் இல்லாவிடில் அடக்கத்திற்கு நோக்கமும் இல்லை. இவ்வேறுபாட்டைக் காணத் தவறினால் நூலின் பல விதிகள் வெற்றுக் கெடுபிடிகளாகவே தோன்றும்.

உணவறை வாசிப்பைப் பற்றிய 38ஆம் இயல் இதனை நன்கு விளக்கும். துறவியர் உண்ணும்போது ஒருவர் வாசிக்க வேண்டும். நூலைக் கைக்குக் கிடைத்தவர் எடுத்து வாசித்துவிடல் ஆகாது. வாரம் முழுமைக்கும் ஒருவர் என ஞாயிறன்று பொறுப்பேற்க வேண்டும். பொறுப்பேற்பவர் தம்மைச் செருக்கு அண்டாதிருக்கும்படி அனைவரையும் மன்றாட வேண்டுகிறார். நல்ல குரலுடையார்க்கு வரக்கூடிய நோயைப் பெனடிக்ட் அறிந்திருந்தார் போலும்! வாசிப்பவரின் குரலைத் தவிர வேறெவரின் குரலும், முணுமுணுப்பும்கூட, அங்குக் கேட்டல் ஆகாது. உண்பவர்க்கு வேண்டியவற்றை மற்றவர் குறிப்பறிந்து பரிமாற வேண்டும். குறையிருப்பின் வாயால் கேளாது ஏதேனும் ஓர் அடையாள ஒலியால் உணர்த்த வேண்டும். பிற்காலத்தில் குளூனி மடத்துத் துறவியர் நூற்றுக்கும் மேற்பட்ட கைச்சைகைகளை வகுத்துக்கொண்டதற்கான வித்து இத்தகைய விதிகளில் உள்ளது. வாசிப்பவர் பசியோடு நெடுநேரம் நிற்க நேருமென்பதால், தொடங்குமுன் சிறிது நீர்கலந்த திராட்சை மது அவருக்கு அளிக்கப்படும். உணவைப் பின்னர்ச் சமையற் பணியாளரோடு உண்பார். இவ்வியலின் இறுதியிலும் 47ஆம் இயலிலும் ஒரே கருத்து வலியுறுத்தப்படுகிறது: வாசிப்பதும் பாடுவதும் முறைவைத்து எல்லாருக்கும் போவன அல்ல, கேட்போர்க்குப் பயன்படும்வண்ணம் செய்ய வல்லவருக்கே உரியன. வகுப்பறையில் வரிசைப்படி மாணவரை எழுப்பி வாசிக்கச் செய்யும் நம் ஆசிரியர்க்கு இவ்விதி சற்று உறுத்தலாம். ஆனால் மடம் பள்ளியன்று. அங்கு வாசிப்பவரின் பயிற்சியைக் காட்டிலும் கேட்பவரின் செவியே முதலிடம் பெறுகிறது.

அச்செவியின் மீதுள்ள அக்கறை 42ஆம் இயலில் வியப்பூட்டும் அளவுக்கு நுட்பமாகிறது. மாலையில் அனைவரும் ஓரிடத்தில் அமர, ஒருவர் காசியனின் 'உரையாடல்கள்' அல்லது முன்னைத் துறவியரின் வரலாறுகளிலிருந்து நான்கைந்து ஏடுகளை வாசிப்பார். அவ்வேளையில் பழைய ஏற்பாட்டின் முதல் ஏழு நூல்களையும் அரசர்களின் வரலாற்று நூல்களையும் வாசித்தல் ஆகாது. திடமற்ற உள்ளங்களுக்கு அந்நேரத்தில் அவை நலம் பயவா. வேறு நேரங்களில் வாசிக்கப்படட்டும். திருநூலே ஆயினும், எந்தச் செவிக்கு எந்த வேளையில் என்று எண்ணிப் பார்க்கும் ஆசிரியரை இங்குக் காண்கிறோம். வேலையில் தங்கிவிட்டவர்களும் வந்து சேர்வதற்கு இவ்வாசிப்பு கால இடம் தருகிறது. அதன்பின் இரவு மன்றாட்டு, அதன்பின் பேச்சில்லை. முன்னுரையின் உயர்ந்த நடையைவிட இத்தகைய சிறு விதிகளிலேயே இந்நூலின் சிறப்பு உள்ளது என்பது நம் மதிப்பீடு. முன்னுரையில் கேட்டல் ஓர் அறைகூவல் மட்டுமே. உணவறையில் அது நாள்தோறும் செய்தாக வேண்டிய வேலையாகிவிடுகிறது.

எனினும், கேட்டலை இவ்வளவு போற்றும் நூலிடம் நாம் ஒரு கடுமையான வினாவை எழுப்பியாக வேண்டும். கேட்பவன் தன் விருப்பத்தைச் சொல்பவனிடம் ஒப்படைக்கிறான். சொல்பவனின் செவியை யார் திறப்பது? பெனடிக்டின் விடை முழுமையானதன்று. ஆயினும் விடையே இல்லை என்றும் கூறவியலாது. முதன்மையான செய்திகளில் மடத்தலைவர் எல்லாரையும் கூட்டிக் கருத்தறிய வேண்டும் என்று 3ஆம் இயல் விதிக்கிறது. எல்லாரையும் அழைப்பதற்கு அது கூறும் காரணம், சிறந்ததை ஆண்டவர் பலமுறை இளையவர்க்கே வெளிப்படுத்துகிறார் என்பது. வெளியூரிலிருந்து வந்து தங்கும் துறவி அடக்கத்தோடும் நியாயத்தோடும் ஒரு குறையைச் சுட்டினால், ஒருவேளை அதற்காகவே இறைவன் அவரை அனுப்பியிருக்கலாம் என்று தலைவர் எண்ணிப் பார்க்க வேண்டும் என்கிறது 61ஆம் இயல். இயலாத செயல் ஒன்று ஏவப்பட்டவன், தக்க நேரம் பார்த்துப் பொறுமையோடு தன் இயலாமையின் காரணங்களைத் தலைவரிடம் எடுத்துரைக்கலாம் என்று 68ஆம் இயல் இடந்தருகிறது. நீக்கப்பட்ட சீடனின் குரல் மீண்டும் ஒலிப்பது இங்குத்தான். மூலநூலின் சீடன் கோட்பாட்டைப் பற்றி வினவினான். பெனடிக்டின் துறவியோ தன் முதுகின் மேலுள்ள பாரத்தைப் பற்றிப் பேசுகிறான்.

அவ்வாறு பேசிய பின்னரும் தலைவர் தம் கட்டளையில் நின்றால் பணிய வேண்டும் என்றே அவ்வியல் முடிகிறது. கூட்டத்தில் அனைவரும் கருத்துரைத்தாலும் முடிவு தலைவருடையது. ஆகவே இதனை மக்களாட்சியின் முன்னோடியாகப் புகழ்வோரோடு நாம் உடன்பட இயலவில்லை. தலைவர் தம் தீர்ப்புகள் அனைத்திற்கும் இறைவனிடம் கணக்குக் கொடுக்க வேண்டும் என்ற எச்சரிக்கை ஒன்றே கேட்பவனுக்குரிய காப்பு. அவ்வச்சம் இல்லாத தலைவரின் கீழ் இக்காப்புப் பயனற்றுப்போகும். துறவு அவைகளில் கீழ்ப்படிதலின் பெயரால் நிகழ்ந்த கொடுமைகள் அண்மைப் பத்தாண்டுகளில் வெளிவந்துள்ள நிலையில், 5ஆம் இயலை 68ஆம் இயலின்றித் தனியே கற்பிப்பது பொறுப்புடைய செயலாகாது. 71ஆம் இயலில் கீழ்ப்படிதல் தலைவருக்கு மட்டுமன்றி உடன்பிறப்புகள் ஒருவர்க்கொருவர் செய்ய வேண்டியதாகவும் விரிவது குறிப்பிடத்தக்கது. இவ்விறுதி இயல்கள் 'ஆசான் ஒழுங்கிலிருந்து' எடுக்கப்பட்டவை அல்ல என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

பெனடிக்டின் வாழ்க்கையை எழுதிய திருத்தந்தை பெரிய கிரகோரியாரும் இச்சிக்கலை உணர்ந்திருந்தார் எனலாம். 593, 594ஆம் ஆண்டுகளில் அவர் இயற்றிய 'உரையாடல்கள்' என்னும் நூலின் இரண்டாம் பகுதியில், ஆண்டுக்கு ஒருமுறை தம்மைக் காண வரும் உடன்பிறந்தாள் ஸ்கொலாஸ்திக்காவைப் பெனடிக்ட் மடத்துக்கு வெளியே சந்திக்கிறார். இரவு முழுதும் பேசியிருக்கலாம் என்று அவள் கேட்கிறாள். மடத்துக்கு வெளியே தங்கலாகாது என்று அவர் மறுக்கிறார். அவள் தலைகவிழ்ந்து மன்றாட, தெளிந்த வானத்தில் இடிமழை பெய்து அவரைத் தடுத்துவிடுகிறது. தமையனிடம் கேட்டேன், நீ செவிமடுக்கவில்லை, இறைவனிடம் கேட்டேன், அவர் செவிமடுத்தார் என்னும் கருத்துப்பட அவள் பேசுகிறாள். இதனைத் தமிழில் சொல்லும்போது 'கேள்' என்னும் ஒரே வினை வேண்டுதலுக்கும் செவிமடுத்தலுக்கும் மாறி மாறி வருவதைக் காணலாம். மிகுதியாக அன்புசெய்தவள் மிகுதியாக ஆற்றல் பெற்றாள் என்பது கிரகோரியாரின் தீர்ப்பு. 'கேள்' என்று தொடங்கும் நூலை எழுதியவரே கேளாதவராக நிற்கும் காட்சியை அவருடைய வரலாற்றாசிரியர் மறைக்கவில்லை.

பிற்கால வளர்ச்சியைச் சுருங்கவே கூறலாம். பெனடிக்டின் மடத்தில் தனிவாசிப்பும் ஒலியோடு கூடியதே. நண்பகல் ஓய்வின்போது வாசிக்க விரும்புவோர் பிறர்க்கு இடையூறின்றி வாசிக்கட்டும் என்ற 48ஆம் இயலின் விதி அதற்குச் சான்று. இடைக்காலத் துறவியர் உதட்டாலும் செவியாலும் வாசித்தனர் என்பதை பெனடிக்டன் சபையினரான ழான் லெக்லர்க் 1957இல் வெளியிட்ட நூலில் விரிவாக நிறுவினார். 12ஆம் நூற்றாண்டில் கார்த்தூசியத் துறவி இரண்டாம் குய்கோ வாசிப்பு, தியானம், மன்றாட்டு, காட்சி என நான்கு படிகளாக இறைவாசிப்பை வகுத்தபோது, கூட்டத்தின் நடுவே ஒலித்த குரல் தனியொருவனின் அறைக்குள் ஒடுங்கத் தொடங்கியது. இன்றைய பயிலரங்குகள் இறைவாசிப்பு என்று கற்பிப்பது பெரும்பாலும் இந்தப் பிற்கால வடிவத்தையே.

பெனடிக்டின் செவி தமிழகத்தின் மௌனத்தை நேரே எதிர்கொண்ட நிகழ்வும் உண்டு. பிரான்சின் கெர்கொனான் மடத்துப் பெனடிக்டன் துறவி ஆன்றி லெ சோ, 1949இல் ழூல் மொன்ஷனான் அடிகளாருடன் திருவண்ணாமலை சென்று இரமண மகரிஷியைக் கண்டார். மறு ஆண்டு மார்ச்சு 21ஆம் நாள், அன்றைய நாட்காட்டியில் பெனடிக்டின் திருநாளாக இருந்த அந்நாளில், இருவரும் குளித்தலைக்கு அருகே காவிரிக் கரையில் தண்ணீர்பள்ளி சச்சிதானந்த ஆசிரமத்தைத் தொடங்கினர். சாந்திவனம் என்று அது வழங்குகிறது. அபிஷிக்தானந்தர் எனப் பெயர்கொண்ட லெ சோ பின்னர் அருணாசலக் குகைகளிலும் பலகாலம் தங்கினார். குரலைக் கேட்பதற்காக நாவடக்கிப் பழகிய துறவி, குரலே இல்லாத இடத்தில் கேட்கப் பழக வேண்டியதாயிற்று. அவர் 1973இல் மறைந்த பின் வெளிவந்த நாட்குறிப்புகள், இவ்விரண்டும் அவருள் எளிதில் இணங்கவில்லை என்பதைக் காட்டுகின்றன. அவற்றை ஒன்றெனக் காட்ட முயலும் எழுத்துகளைவிட அந்த நாட்குறிப்புகளின் நேர்மை மதிப்பு மிக்கது. 1968இல் சாந்திவனத்தின் பொறுப்பை ஏற்ற ஆங்கிலேயப் பெனடிக்டன் துறவி பீட் கிரிஃபித்ஸ், வேதங்கள், உபநிடதங்கள் முதலிய நூற்பகுதிகளை விவிலியத்துடன் அன்றாட மன்றாட்டில் இடம்பெறச் செய்தார். வாசிக்கத் தக்க நூல்களைப் பற்றி 42ஆம் இயல் தரும் பட்டியலில் இல்லாத நூல்கள் அவை. ஆயினும் ஒருவர் வாய்விட்டு வாசிக்க, ஏனையோர் அமர்ந்து கேட்கும் முறை அங்கும் தொடர்ந்தது.