ஸ்பார்க் பிளக்கின் வெள்ளைப் பீங்கான்

விருத்தாசலத்தில் பீங்கான் என்றால் அகல்விளக்கு, பொம்மை, ஃபியூஸ் கட்டை. அந்த வரிசையில் காரின் ஸ்பார்க் பிளக்கையும் உட்காரவைக்க எனக்கு ஆசை. இந்த ஊர்ச் சூளையில் வெந்ததல்லதான், ஆனாலும் பீங்கான் வம்சம். பழைய மாருதி 800-இன் பானட்டைத் தூக்கி, ரப்பர் மூடியை உருவி, பிளக் ஸ்பேனரைக் கொடுத்துத் திருப்பினால் முதலில் ஒரு 'கிறீச்'. பிறகு பிடி விட்டு மரை வழுக்கிச் சுழலும். கையில் வருவதன் வெள்ளை உடம்பில் வளையம் வளையமாக வரிகள். மின்சாரம் மேலோடு ஓடித் தப்பாமல் தூரத்தைக் கூட்டும் வரிகள் அவை. மின்கம்பத்து இன்சுலேட்டரிலும் இதே கணக்குதான். நுனியில் பால் கூடின காப்பி நிறம் இருந்தால் எஞ்சின் சுகம். உலர்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம் போகிறது. எண்ணெய்ப் பிசுக்கா, செலவு காத்திருக்கிறது. கரியைத் துடைத்து, நுனியின் இரு முனைகளுக்கும் நடுவே உள்ள இடைவெளியில் ஃபீலர் கேஜ் தகட்டை விட்டால் லேசாக உரசிக்கொண்டு போகவேண்டும். தொளதொளக்கவும் கூடாது, முட்டவும் கூடாது. திரும்பப் பூட்டுவதை வெறும் விரலால்தான் தொடங்கவேண்டும். அலுமினிய மரையில் கோணலாக ஏறுவது விரலுக்கு உடனே தெரிந்துவிடும், ஸ்பேனருக்குத் தெரியாது.

புதுக் கார்களில் ஸ்கேனரைச் செருகினால் பி0302 என்று வரும்: இரண்டாவது சிலிண்டர் தடுமாறுகிறது. நல்ல வசதி, குறை சொல்லமாட்டேன். அதன்பிறகும் காயிலைக் கழற்றிக் குனிந்து பார்ப்பது இதே வெள்ளைப் பீங்கானைத்தான். இரிடியம் முனை என்றால் தேய்க்கவும் கூடாது, நெம்பவும் கூடாது, ரசித்துவிட்டு மாட்டிவிடலாம்.