நிரப்பியது யார்?

சித்திரை வெயிலில் மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு பன்னீர் சோடா வாங்குகிறவர், மூடியில் சீல் இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. கடைக்காரர் மரக்கட்டையை பாட்டில் வாயில் வைத்து ஓர் அழுத்து அழுத்துகிறார். ‘டப்’பென்று கோலி இறங்குகிறது, நுரை பொங்குகிறது. அந்தச் சத்தம்தான் சீல். சத்தம் வராவிட்டால் கேஸ் இல்லை என்று பொருள். வாங்கியவர் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு கேட்பார்.

சோடாக் கடையைத் தாண்டி நடந்தால், மளிகைக் கடை வாசலில் இருபது லிட்டர் தண்ணீர் கேன்கள் அடுக்கியிருக்கும். இன்னும் சற்றுத் தள்ளி டாஸ்மாக் கடை. சோடா, தண்ணீர், மது என்று உள்ளே இருப்பது வேறானாலும், மூன்று கலங்களும் காலியான பிறகு தூக்கி எறியப்படுவதில்லை. யாரோ எடுத்துச் செல்கிறார்கள், யாரோ நிரப்புகிறார்கள். அதனால் மூன்றிலும் ஒரே கேள்வி நிற்கிறது: இதைக் கடைசியாக நிரப்பியது யார்?

இந்தக் கேள்விக்கு மதுப் புட்டித் தொழில் கண்ட விடை, ஒருமுறை ஊற்றிய பிறகு மறுபடி நிரப்பவே முடியாத மூடி. அதன் பலமும் பலவீனமும் மூடி செய்பவர்களுக்கு மட்டும் உரிய விஷயமல்ல. நாள்தோறும் பாட்டிலிலிருந்து குடிக்கும் ஒவ்வொருவரையும் தொடுகிற விஷயம்.

உருளும் குண்டு

முதலில் அது இயங்கும் விதம். வெளியே தெரியும் திருகு மூடிக்குக் கீழே, புட்டியின் கழுத்துக்குள் ஒரு பிளாஸ்டிக் குழல் பொருத்தப்பட்டிருக்கும். அதற்குள் ஒரு சிறிய வால்வு, வால்வின் மேல் ஒரு குண்டு. புட்டியைச் சாய்க்கும்போது குண்டு உருண்டு விலகுகிறது, வால்வு திறக்கிறது, திரவம் வெளியே வருகிறது. நிமிர்த்தினால் குண்டு தன் எடையாலேயே வால்வை அடைத்துக்கொள்கிறது. மேலிருந்து எதையாவது ஊற்றினால், ஊற்றுகிற திரவத்தின் அழுத்தமும் சேர்ந்து வால்வை இன்னும் இறுக்குகிறது. குழல் கண்ணாடிக் கழுத்தின் விளிம்பில் கவ்வி உட்கார்ந்திருப்பதால், உடைக்காமல் எடுப்பது கடினம். 1954-இல் தொடங்கிய இத்தாலிய நிறுவனமான குவாலா இவ்வகை மூடிகளுக்குப் பேர்போனது. இந்தியாவிலும் அதற்கு ஆலை உண்டு. தொழிலில் இருப்பவர்கள் யார் செய்ததையும் ‘குவாலா மூடி’ என்றே சொல்வது அதனால்தான்.

இதில் வடிவமைப்பாளரின் சிக்கல் ஒன்று உண்டு. புட்டியிலிருந்து திரவம் வெளியேற, அந்த இடத்துக்குக் காற்று உள்ளே போக வேண்டும். காற்றுக்கு வழி விடாவிட்டால் மது ‘குளுக் குளுக்’கென்று விட்டுவிட்டு விழும். தாராளமாக வழி விட்டால் அந்த வழியே திரவத்தையும் ஏற்றிவிடலாம். நல்ல ஊற்றும் நல்ல காவலும் ஒன்றையொன்று தின்னும். நிரப்ப முடியாத மூடி என்று விற்கப்படும் ஒவ்வொன்றும் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ செய்துகொண்ட சமரசம்.

எதைக் காக்கிறது?

தமிழ்நாட்டில் இந்த மூடியின் தேவையை உணர, காலிப் புட்டியின் பயணத்தைப் பார்க்க வேண்டும். 1983-இல் மொத்த விற்பனைக்காகத் தொடங்கப்பட்ட டாஸ்மாக், 2003 நவம்பர் முதல் சில்லறை விற்பனையையும் தன் கையில் எடுத்தது. கடையை ஒட்டிய பார்களுக்கு விடப்படும் டெண்டர் இரண்டு உரிமைகளுக்கானது: தின்பண்டம் விற்பது, காலி பாட்டில் சேகரிப்பது. காலிப் புட்டி இங்கே குப்பையல்ல, ஏலம் போகும் சரக்கு. கழுவப்பட்டு மறுபடி ஆலைக்குப் போகும் புட்டி அதில் உண்டு. அதே சாக்கிலிருந்து ஒரு பகுதி போலி மது காய்ச்சுகிறவர் கைக்கும் போகலாம். போலி மது ஆலை பிடிபட்டதென்று செய்தி வரும்போதெல்லாம் படத்தில் காலிப் புட்டி, மூடி, ஸ்டிக்கர் மூன்றும் குவிந்திருப்பதைப் பார்க்கிறோம். உண்மையான புட்டிதான் போலிச் சரக்குக்குக் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த முகமூடி.

இங்கே குண்டு மூடி உண்மையாகவே உதவுகிறது. முதலாவதாக, அது மோசடிக்குத் தேவையான முதலீட்டை உயர்த்துகிறது. ஒரு புனலும் ஒரு குடமும் வைத்துச் செய்துவந்த வேலையை இனி அப்படிச் செய்ய முடியாது. இரண்டாவதாக, பெரிய புட்டியிலிருந்து கொஞ்சம் எடுத்துக்கொண்டு தண்ணீர் கலந்து வைக்கும் பார் மேசைத் திருட்டை அது நேராகத் தடுக்கிறது. மூன்றாவதுதான் இதன் மிகப் பெரிய நற்பண்பு என்று கருதுகிறேன். குடிப்பவரின் விழிப்பை நம்பி இது இயங்குவதில்லை. அலுமினியத் திருகு மூடியின் அடியில் உள்ள வளையம் அறுந்திருக்கிறதா, ஹாலோகிராம் ஸ்டிக்கர் ஒழுங்காக ஒட்டியிருக்கிறதா என்பதையெல்லாம் பார்க்கிற கண் வேண்டும். மங்கிய வெளிச்சத்தில், அவசரத்தில், களைப்பில் இருக்கும் ஒரு கூலித் தொழிலாளியிடம் அந்தக் கண்ணை எதிர்பார்ப்பது அநியாயம். குண்டு மூடி அவர் பார்க்காவிட்டாலும் தன் வேலையைச் செய்கிறது.

எங்கே தோற்கிறது?

ஆனால் அந்தத் தொழிலாளியின் கையில் இருக்கும் குவார்ட்டருக்கு இந்த மூடி பெரும்பாலும் வருவதில்லை. குழல், வால்வு, குண்டு, மேல்மூடி என்று பல துண்டுகள் சேர்ந்த மூடி, ஓர் அலுமினியத் தொப்பியைவிட விலை கூடியது. விலை உயர்ந்த புட்டிதான் அந்தச் செலவைத் தாங்கும். விளைவாக, ஏமாந்தால் பணத்தை மட்டும் இழக்கக்கூடியவருக்கு வலுவான காவலும், உயிரையே இழக்கக்கூடியவருக்கு மெல்லிய காவலும் அமைந்துவிடுகின்றன.

இன்னும் கீழே போனால் காவலே இல்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்ற மெத்தனால் கலந்த சாராயம் புட்டியில் வரவில்லை, பாக்கெட்டில் வந்தது. மூடி இல்லாத சரக்குக்கு எந்த மூடியும் தீர்வாக முடியாது. நிரப்ப முடியாத மூடியை மக்கள் நலக் கருவியாகப் பேசுகிறவர்கள் இந்த எல்லையை ஒப்புக்கொண்டுதான் பேச வேண்டும். அது முதலில் காப்பது நிறுவனத்தின் பெயரை. குடிப்பவரின் குடல், அந்தப் பெயரோடு சேர்ந்திருக்கும் வரைதான் காப்பாற்றப்படுகிறது.

இரண்டாவது தோல்வி பொறியியல் சார்ந்தது. பிளாஸ்டிக் சூட்டில் இளகும். இளகியதைக் கழற்றி மறுபடி பொருத்தப் பார்க்கலாம். அல்லது முழு மூடியையே போலியாகச் செய்யலாம். மூடி எவ்வளவு நம்பகமானது என்று மக்கள் நம்புகிறார்களோ, அவ்வளவுக்கு அந்த மூடியின் போலிக்கும் மதிப்பு கூடுகிறது. திறந்த மூடியைக் காலிப் புட்டியோடு சேர்த்தே பொறுக்கி விற்கும் சந்தை இருக்கும் வரை, பூட்டும் சாவியும் ஒரே சாக்கில் பயணம் செய்கின்றன.

மூன்றாவது தோல்விதான் என்னை அதிகம் வருத்துகிறது. இந்த மூடி நேர்மையாக நிரப்புகிறவரையும் சேர்த்தே வெளியே தள்ளுகிறது. கழுத்தில் கவ்விய குழலை எடுக்காமல் புட்டியைக் கழுவ முடியாது. எடுப்பதற்கு ஆள்கூலி வேண்டும். காயலான் கடைக்கும் கண்ணாடி, பிளாஸ்டிக், அலுமினியம் மூன்றும் பின்னிக் கிடக்கும் பொருள் பிடிப்பதில்லை. எடுத்துச் செல்ல ஆளில்லாத புட்டி எங்கே போகும்? வாய்க்கால் கரைக்கு, வயல் வரப்புக்கு. வாடிப்பட்டி, மேலூர்ப் பக்கம் நாற்று நடுகிற பெண்களின் காலைக் கிழிப்பது உடைந்த கண்ணாடிதான். காட்டு விலங்குகளின் காலை உடைந்த புட்டிகள் கிழிப்பது உயர்நீதிமன்றத்தின் கவனத்துக்கு வந்து, 2022 மே மாதம் நீலகிரியில் புட்டிக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலியைத் திருப்பித் தந்தால் பணத்தைத் திருப்பித் தரும் திட்டம் தொடங்கியது. பின்னர் அது வேறு மாவட்டங்களுக்கும் விரிந்தது. ஒரு பக்கம் புட்டியைத் திருப்பிக் கொண்டுவா என்கிறோம். மறுபக்கம், திரும்பி வந்தாலும் நிரப்ப முடியாதபடி அதன் கழுத்தை அடைக்கிறோம்.

கோலி சொல்லும் பாடம்

நிரப்புவதைத் தடுப்பதும் நிரப்ப அனுமதிப்பதும் ஒரே கழுத்தில் இருக்க முடியுமா? முடியும் என்று கோலி சோடா நூற்றைம்பது ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. 1872-இல் இங்கிலாந்தின் ஹைரம் காட் காப்புரிமை பெற்ற புட்டி அது. சோடா நிரப்பிக் கவிழ்க்கும்போது கோலி வாய்ப்பக்கம் விழுகிறது. உள்ளே இருக்கும் கரியமில வாயுவின் அழுத்தம் அதை ரப்பர் வளையத்தோடு சேர்த்து அமுக்கிப் பிடிக்கிறது. மூடி என்று தனியாக ஒன்றும் இல்லை. உள்ளே இருக்கும் சரக்கே பூட்டாகிவிடுகிறது.

இதன் அருமை இங்கேதான். திறந்த கோலி பாட்டிலில் யார் வேண்டுமானாலும் தண்ணீர் ஊற்றலாம், ஆனால் மூட முடியாது. மூடுவதற்கு வாயுவும் அதை ஏற்றும் இயந்திரமும் வேண்டும். ஆக, சோடாக் கம்பெனிக்குத் திறந்திருக்கும் கதவு தெருவில் போகிறவருக்கு அடைத்திருக்கிறது. குண்டு மூடியிலும் ஒரு குண்டு, கோலி பாட்டிலிலும் ஒரு குண்டு. முன்னது யாரையும் உள்ளே விடாது, பின்னது உரியவரை அடையாளம் கண்டு விடுகிறது.

குறையும் சொல்ல வேண்டும். இயந்திரம் தண்ணீரின் தரத்தைக் கேட்பதில்லை. அசுத்தமான நீரும் அதே ‘டப்’ சத்தத்தோடுதான் திறக்கும். கழுத்து மடிப்பையும் ரப்பர் வளையத்தையும் கழுவுவது எளிதல்ல. கோலி சோடாவின் சத்தம் ‘இது திறக்கப்படவில்லை’ என்பதற்குச் சாட்சி, ‘இது நல்ல தண்ணீர்’ என்பதற்குச் சாட்சியல்ல.

அடுத்து வந்த கிரவுன் மூடி இதை வேறு வழியில் தீர்த்தது. 1892-இல் அமெரிக்காவின் வில்லியம் பெயின்டர் காப்புரிமை பெற்ற அந்தத் தகரத் தொப்பி, திறந்தால் வளைந்துவிடும். 1916-இல் விருதுநகரில் தொடங்கிய காளிமார்க் போன்ற நம் ஊர்க் குளிர்பானங்கள் நெடுங்காலம் ஓடியது இந்த ஏற்பாட்டில்தான். பெட்டிக் கடையில் குடித்த கண்ணாடி பாட்டில் கிரேட்டில் ஏறித் திரும்பிப் போகும், கழுவி நிரப்பப்படும், ஒவ்வொரு முறையும் புது மூடி போடப்படும். பாட்டில் வாழ்ந்தது, மூடி மட்டும் செத்தது. குண்டு மூடி வந்தபின் இரண்டும் சேர்ந்தே சாகின்றன.

சட்டமும் இந்தத் தவறைச் செய்திருக்கிறது. மதுவிலக்கு நீங்கிய பின் அமெரிக்காவில் 1935 முதல் 1964 வரை, மதுப் புட்டிகளை மறுபடி பயன்படுத்துவதைக் கூட்டாட்சிச் சட்டம் தடைசெய்கிறது என்ற வாசகம் கண்ணாடியிலேயே வார்க்கப்பட்டிருந்தது. போலியைப் பிடிக்க எளிய வழி அது, ஆனால் நல்ல கண்ணாடியையும் தண்டித்த வழி. ஸ்பெயினில் 2014 முதல் உணவகங்களில் ஆலிவ் எண்ணெயை நிரப்ப முடியாத மூடியுள்ள பாட்டிலில்தான் வைக்க வேண்டும். அதே போன்ற விதியை 2013-இல் ஐரோப்பா முழுவதுக்கும் கொண்டுவர முயன்ற ஐரோப்பிய ஆணையம், எதிர்ப்பு எழுந்ததும் பின்வாங்கியது. நம் ஊரில் செக்கு எண்ணெய் வாங்கத் தூக்குச் சட்டி எடுத்துப் போகிறவருக்கு அந்த எதிர்ப்பு புரியும். கண்ணெதிரே ஆட்டிய எண்ணெய்க்கு மூடி எதற்கு? நிரப்புகிறவரைத் தெரியாத இடத்தில்தான் மூடிக்கு வேலை.

கேன் தண்ணீர்

மதுரையில் நிரப்புகிறவரைத் தெரியாமல் அதிகம் பேர் குடிப்பது மதுவல்ல, தண்ணீர். இருபது லிட்டர் கேன் மறுபடி மறுபடி நிரப்பப்படுவதற்கென்றே பிறந்தது. அதற்குக் குண்டு மூடி போட்டால் அந்தத் தொழிலே நின்றுவிடும். ஆனால் இன்று அதன் காவல், கையால் அமுக்கினால் உட்காரும் ஒரு பிளாஸ்டிக் மூடியும், அனல் காற்று காட்டினால் சுருங்கிக்கொள்ளும் ஓர் உறையும்தான். இரண்டும் யாருக்கும் கிடைக்கும் பொருள்கள். கோலி பாட்டிலைப் போல இயந்திரமும் கேட்பதில்லை, கிரவுன் மூடியைப் போல நிறுவனத்தின் பெயரையும் பல கேன்கள் தாங்குவதில்லை.

அடைத்த குடிநீருக்கு 2001 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமாக இருந்தது. 2024 அக்டோபரில் அந்தக் கட்டாயம் நீக்கப்பட்டது. அதன்பின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அடைத்த குடிநீரை அதிக ஆபத்துள்ள உணவுப் பிரிவில் சேர்த்து, ஆய்வுகளைக் கடுமையாக்கியது. ஆலையை ஆய்வு செய்வது நல்லதுதான். ஆனால் ஆலை வாசலைத் தாண்டிய கேன் வீட்டு வாசலுக்கு வரும் வழியில், ஆய்வாளரின் கண்ணாக இருக்கக்கூடியது மூடி ஒன்றே.

ஆகவே வடிவமைப்பாளர்களின் உழைப்பு இனி இந்தக் கேனுக்குத் திரும்ப வேண்டும் என்று கேட்கிறேன். கிழித்தால் ஒழியத் திறக்காத, கிழித்தபின் எந்தச் சூட்டிலும் ஒட்டாத மூடி வேண்டும். நிரப்பிய ஆலையின் பெயர், பதினான்கு இலக்க உரிம எண், நிரப்பிய தேதி மூன்றும் அந்த மூடியிலேயே அச்சாக வேண்டும், தனித் தாளில் அல்ல. அந்த மூடியைப் பொருத்தும் கருவி உரிமம் பெற்ற ஆலைக்கு மட்டுமே போக வேண்டும். கேன் எத்தனை முறை வேண்டுமானாலும் நிரம்பட்டும், மூடி ஒருமுறை மட்டும் வாழட்டும். மதுப் புட்டிக்கும் இதே நெறி பொருந்தும். பத்து ரூபாய் கொடுத்துத் திரும்பி வாங்கும் கண்ணாடியை, கழுவி நிரப்பும் வகையில் கழுத்தைத் திறந்து விட்டு, மேல் மூடியை மட்டும் ஒருமுறைக்கு உரியதாக்கலாம்.

நிரப்ப முடியாத மூடி ஒரு நுட்பமான கருவி, அதைச் செய்தவர்களின் அறிவை மதிக்கிறேன். ஆனால் அது திருடனைத் தடுக்கும் அவசரத்தில், கழுவுகிறவரையும் பொறுக்குகிறவரையும் வயலில் கால் வைப்பவரையும் கணக்கில் எடுக்கவில்லை. விளக்குத்தூண் சோடாக் கடையில் அந்தக் கோலி இறங்கும்போது, கடைக்காரர் காலி பாட்டிலைத் திருப்பி வாங்கிப் பெட்டியில் வைக்கிறார். நாளை அது கம்பெனிக்குப் போகும், கழுவப்படும், நிரப்பப்படும், மறுபடி ‘டப்’பென்று திறக்கும். வீட்டுக்கு வரும் தண்ணீர் கேனும் அப்படி ஒரு சத்தத்தோடு திறக்கும் நாள் வர வேண்டும்.